கோணேஸ்வரி காட்ட வேண்டாம் என்ற தாள்

நிலாணி வேலைக்கு வந்த முதல் நாளே முதலாளி சண்முகலிங்கம் அவளுக்கு ஜன்னலோர மேசையைக் கொடுத்துவிட்டார். பத்தொன்பது வருடமாக அந்த அலுவலகத்தில் ஊராருக்கு வரி ரிட்டேர்ன் நிரப்பிக்கொடுத்துவந்த கோணேஸ்வரி அந்த மேசையை ஒருநாளும் கேட்டதில்லை. ஜன்னலால் குளிர் ஏறும், கால் விறைக்கும் என்று அவளே பல தடவை சொல்லியிருக்கிறாள். ஆனால் கேட்காமலே இன்னொருத்திக்குக் கிடைத்ததும், அதைவிட நல்ல மேசை ஸ்காபரோவிலேயே இல்லை என்று அவளுக்குத் தோன்றிற்று.

அலுவலகம் ஒரு பிளாசாவில் சேலைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் இருந்தது. மாசி தொடங்கினால் சித்திரை முடியும்வரை வாசலில் ஆட்கள் நிற்பார்கள். அவர்களில் பாதிப் பேர் கோணேஸ்வரியைத் தேடி வருகிறவர்கள். அந்தப் பாதியை அவள் சும்மா சம்பாதிக்கவில்லை.

அவளும் கணவன் வீரக்குட்டியும் மட்டக்களப்பிலிருந்து கனடாவுக்கு அகதியாக வந்து இறங்கிய முதல் வருடம், ரிட்டேர்ன் நிரப்பித் தருகிறேன் என்று ஒருவன் எண்பது டொலர் வாங்கிக்கொண்டு, பிள்ளை வளர்க்க அரசாங்கம் தரும் பிள்ளைக்காசுக்கு விண்ணப்பிக்காமலே விட்டுவிட்டான். எட்டு மாதம் கழித்துத்தான் அது தெரியவந்தது. அன்றைக்கு அவள் அழவில்லை. நூலகத்தில் நடந்த இலவச வரி வகுப்புக்குப் போனாள். பகலில் கட்டிடங்களில் தரை துடைத்துக்கொண்டே படிவங்களின் இலக்கங்களைப் பாடமாக்கினாள். மூன்று வருடத்தில், வோபர்னில் அவர்கள் இருந்த அடுக்குமாடியின் பதினான்கு மாடியிலும் அவளிடம் ரிட்டேர்ன் கொடுக்காத தமிழ்க் குடும்பம் இல்லை என்றாயிற்று. அதைக் கேள்விப்பட்டுத்தான் சண்முகலிங்கம் அவளைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

இப்போது இந்த நிலாணி. மூன்று வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். வயது இருபத்தொன்பது. பட்டயக் கணக்காளர். டிட்ராயிட்டில் இரண்டு வருடம் வேலை செய்து அமெரிக்க வரியும் படித்திருந்தாள். மேசையில் இரண்டு திரை. ஒன்றில் அவள் தட்டத் தட்ட மற்றதில் எண்கள் தானாக ஓடும். வந்து ஒரு மாதத்துக்குள் தொலைபேசி எடுத்தவர்கள் "நிலாணி இருக்கிறாவோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். வருடாவருடம் கோணேஸ்வரிக்கு முருங்கையிலை கொண்டுவந்து கொடுக்கும் ஒரு மனுசி, அந்த வருடம் இரண்டு பை கொண்டுவந்து ஒன்றை ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டுப் போனாள். தன் பையில் இருந்த இலை பழுப்பாகவும் மற்றது பச்சையாகவும் கோணேஸ்வரிக்குத் தெரிந்தது. அன்று வீட்டில் அந்த இலையில் அவள் சுண்டிய வறையில் உப்புக் கூடிப்போயிற்று.

"உனக்கு எரிச்சல்," என்றான் வீரக்குட்டி.

"எனக்கென்ன எரிச்சல்? சின்னப் பிள்ளையோட."

"சின்னப் பிள்ளையெண்டபடியாத்தான் எரியுது."

அவன் சொன்னது சரி. பெரியவர்கள்மேல் அவளுக்கு ஒருநாளும் பொறாமை வந்ததில்லை. தான் முழங்கால் தேயத் தேய ஏறிய படியை இந்தப் பெட்டை மின்தூக்கியில் ஏறி வந்துவிட்டாள் என்பதுதான் அவளுடைய நெஞ்சைப் புகைத்தது.

பங்குனிக் கடைசியில் கீதன் வந்தான்.

கீதனை அவளுக்கு வோபர்ன் அடுக்குமாடிக் காலத்திலிருந்து தெரியும். ஒன்பதாம் மாடி. தகப்பன் இல்லை. பதினேழு வயதில் டோனட் கடையில் வேலை செய்து அவன் பெற்ற முதல் சம்பளத்துக்கு முதல் ரிட்டேர்னை நிரப்பியவள் அவள்தான். திரும்பி வந்தது நூற்றுப் பன்னிரண்டு டொலர். அவன் ஒரு பெட்டி டோனட்டோடு வந்து நின்றதை அவள் இன்றைக்கும் கதை கதையாகச் சொல்லுவாள். பிறகு அவன் எஞ்சினியரானான், கோபிகாவைக் கட்டினான், ஹூஸ்டனில் வேலை கிடைத்துப் போனான். அங்கே ஆறு வருடம் இருந்துவிட்டு, போன ஆனியில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் திரும்பி வந்திருந்தான். குழந்தை அட்சயா ஏழு கிழமை முந்திப் பிறந்தவள். இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள்.

அவன் ஒரு தடித்த கோப்போடு உள்ளே வந்தபோது கோணேஸ்வரிக்கு முன்னால் ஒரு கிழவர் இருந்தார். ஜன்னலோர மேசை வெறுமையாக இருந்தது. நிலாணி தலை நிமிர்ந்து, "அண்ணா, நீங்க வாங்கோ, நான் ஃபிரீ," என்றாள்.

கீதன் கோணேஸ்வரியைப் பார்த்தான். அவள் சிரித்துக் கையைக் காட்டினாள், இரு, வாறன் என்று. ஆனால் அவன் அதை, அங்கே போ என்று எடுத்துக்கொண்டான். நிலாணிக்கு முன்னால் போய் இருந்தும் விட்டான்.

கிழவருடைய மருந்துச் செலவுத் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்த கோணேஸ்வரிக்கு மூன்று தடவை கூட்டுத்தொகை பிழைத்தது. காதெல்லாம் ஜன்னல் பக்கம்.

"டெக்சஸ்ல வேலை செய்தீங்களோ? அங்க எச்.எஸ்.ஏ ஏதும் இருந்ததோ, அண்ணா?"

"ஓம், இருந்தது. பிள்ளை பிறந்த நேரம் அதிலயிருந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கட்டினது. அதுக்கு ஏதோ ஒரு தாள் அனுப்பியிருக்கினம்..."

கோணேஸ்வரி எழும்பிவிட்டாள். கிழவரை அப்படியே விட்டுவிட்டு நேரே போய் கீதனின் தோளில் கை வைத்தாள்.

"என்ன மனே, இங்க வந்து இரிக்கிறாய்? உன்ட கோப்பு முழுக்க என்னட்டக் கிடக்கு. வா."

"இல்ல அன்ரி, நீங்க பிசியா..."

"உனக்கு எப்ப நான் பிசி?"

அவன் எழுந்தான். நிலாணி கோப்பை மூடி நீட்டினாள். அதை வாங்கிய கோணேஸ்வரிக்கு, சந்தையில் பறிகொடுத்த சாமானைத் திருப்பி வாங்கிய மாதிரி உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி.

கிழவரை அனுப்பிவிட்டு அவள் கீதனின் தாள்களைப் பிரித்தாள். கனடாவில் உழைத்தது, வாடகை, பிள்ளைக் காப்பகக் காசு எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அமெரிக்க ரிட்டேர்னை அவன் தானே கொம்பியூட்டரில் செய்கிறான். கடைசியாக ஒரு தாளை எடுத்துக் காட்டினான்.

"அன்ரி, இந்த எச்.எஸ்.ஏ தாள். ஒன்பதாயிரத்து நானூறு டொலர் எடுத்ததெண்டு போட்டிருக்கு. இதை எங்க காட்டுறது?"

எச்.எஸ்.ஏ. அந்த மூன்று எழுத்தை அவள் ஆயிரம் தடவை கண்டவள். கனடாவில் நல்ல கம்பெனிகள் வேலையாட்களுக்கு வைத்திருப்பதும் எச்.எஸ்.ஏதான். பல்லுக்கும் கண்ணாடிக்கும் கம்பெனி ஒதுக்கும் காசு. அது வருமானம் இல்லை. அதை எங்கேயும் காட்டத் தேவையில்லை. அந்தக் காசால் கட்டிய செலவை மருத்துவச் செலவென்று மறுபடி கேட்காமல் இருந்தால் போதும். இதைக்கூடவா அந்தப் பெட்டை பெரிய வித்தைபோலக் கேட்டுக்கொண்டிருந்தாள்?

"இது காட்டத் தேவையில்ல, மனே," என்றாள், ஜன்னல் வரைக்கும் கேட்கும்படியாக. "ஆஸ்பத்திரிக்குப் போன காசுதானே. கையில வராத காசு. அமெரிக்கப் படிவத்திலயும் விட்டிடு."

"ஷுவரோ, அன்ரி?"

"இருபது வருசமா இதைத்தான் செய்யிறன்."

அவன் தாளைக் கோப்பின் அடியில் வைத்தான். போகும்போது, "அன்ரி இருக்கிறபடியா எனக்குத் தலையிடி இல்ல," என்றான். அந்தச் சொல் அன்று முழுக்க அவளுக்குப் பசியை மறக்கடித்தது.

மத்தியானம் நிலாணி தேநீர்க் கோப்பையோடு அவளுடைய மேசைக்கு வந்தாள். மற்றவர்களுக்குக் கேட்காமல் மெதுவாகச் சொன்னாள். "கோணேஸ் அன்ரி, கீதன் அண்ணாட எச்.எஸ்.ஏ... அது எங்கட எச்.எஸ்.ஏ இல்ல எண்டு நினைக்கிறன். யூ.எஸ்ல அது வைத்தியச் செலவுக்கெண்டு சேர்க்கிற சேவிங்ஸ் எக்கவுன்ட். அவங்கட ரிட்டேர்னில அதுக்குத் தனி ஃபோம் இருக்கு. இங்கயும் அதில வாற வட்டியைக் காட்டோணும்."

கோணேஸ்வரி கணக்குத் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ பள்ளிக்கூடத்துக்குப் போகத் தொடங்கேக்க நான் இந்த வேலைய தொடங்கினனான், மகள்."

"நான் சும்மா சொன்னன், அன்ரி. ஜஸ்ட் ஒருக்கா செக் பண்ணினா..."

"அவன் என்ட கிளையன்ட்."

நிலாணியின் முகம் சிவந்தது. கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பின்னேரம் எல்லாரும் போன பிறகு கோணேஸ்வரி கொம்பியூட்டரில் அந்த மூன்று எழுத்தையும் அமெரிக்கா என்ற சொல்லையும் சேர்த்துத் தட்டினாள். தேடல் பக்கம் திறந்தது. முதல் வரியிலேயே படிவம் என்ற சொல் கண்ணில் பட்டது. மேற்கொண்டு வாசிக்காமல் அவள் மூடிவிட்டாள். அவள் பின்னாளில் தன்னை மன்னிக்க முடியாமல் தவித்தது அந்த ஒரு நொடிக்காகத்தான். தெரியாமல் விட்ட பிழைக்கு மருந்துண்டு. நிலாணி சொன்னது சரியாக இருந்துவிடுமோ என்ற பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாளே, அதை யாரிடம் சொல்லி ஆறுவது?

ஒன்றரை வருடம் ஓடிற்று. இதற்கிடையில் சண்முகலிங்கம் நிலாணியைப் பங்காளியாக்கினார். அலுவலகத்தின் பின்பக்கம் கண்ணாடி வைத்து அவளுக்கு ஓர் அறை கட்டினார்கள். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் ஒருநாள், சண்முகலிங்கத்தின் மனைவி புனிதவதி நிலாணியின் கையைப் பிடித்துக்கொண்டு பிரகாரம் சுற்றுவதைக் கோணேஸ்வரி கண்டாள். இத்தனை வருடத்தில் புனிதவதி அவளைக் கண்டால் தலையாட்டியிருக்கிறாள், சுகம் கேட்டிருக்கிறாள், கையைப் பிடித்ததில்லை. அன்று சுவாமிக்கு முன்னால் நின்றபோது அவளுக்கு வேண்டுதல் ஒன்றும் வாயில் வரவில்லை. அந்தப் பெட்டைக்கு ஒரு பிழை வரட்டும், ஒரே ஒரு பிழை, என்று மனம் மட்டும் தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தது.

பிழை வந்தது, கோணேஸ்வரியின் மேசைக்கு.

ஐப்பசியில் ஒரு வியாழக்கிழமை கீதன் வந்தான். கையில் நீட்டுக் கடிதம். அமெரிக்க வரித் திணைக்களம் அனுப்பியது. ரிட்டேர்னில் ஹூஸ்டனின் பழைய முகவரியைப் போட்டிருந்ததால், அங்கே பக்கத்து வீட்டில் இருந்த அன்ட்ரூ என்பவன் அதை எடுத்து அனுப்பியிருந்தான். பதில் கொடுக்க முப்பது நாள். அதில் பன்னிரண்டு நாள் தபாலிலேயே போய்விட்டது. எச்.எஸ்.ஏயிலிருந்து எடுத்த ஒன்பதாயிரத்து நானூறு டொலர் மருத்துவத்துக்குத்தான் செலவானது என்பதற்கு அவன் படிவம் தரவில்லையாம். ஆகவே அது முழுவதும் வருமானம். அதற்கு வரி, மேலே இருபது வீதம் தண்டம். நாலாயிரத்துச் சொச்சம் டொலர்.

"நீங்க சொன்னபடிதானே விட்டனான், அன்ரி," என்றான். குரலில் குற்றச்சாட்டு இல்லை. அவன் உண்மையாகவே கேட்டான். "நான் அதில ஏதும் பிழை விட்டனோ?"

கோணேஸ்வரி கண்ணாடியைப் போட்டாள், கழற்றினாள். கண்ணாடி அறைக்குள் நிலாணி யாருடனோ தொலைபேசியில் கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பு தன்னைப் பற்றியதில்லை என்று தெரிந்தும் கோணேஸ்வரிக்கு முதுகு சுட்டது.

"நீ அந்தக் கொம்பியூட்டரில ஏதோ மாறி அமத்தியிருப்பாய், மனே," என்றாள்.

கீதன் சற்று யோசித்தான். "இருக்கும், அன்ரி. அந்த நேரம் பிள்ளையும் நித்திரை கொள்ளுறேல்ல. நான் ஏதோ அவசரத்தில செய்திருப்பன்."

அவன் நம்பிவிட்டான். நம்பாமல் சண்டை பிடித்திருந்தால் அவளும் சண்டை பிடித்திருப்பாள். "கடிதத்த வச்சிட்டுப் போ, நான் பாக்கிறன்," என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அந்தக் கடிதத்தை நான்கு தடவை வாசித்தாள். எண்பது டொலர் வாங்கிக்கொண்டு அவளை ஏமாற்றியவன் நினைவுக்கு வந்தான். அவனிடம் போய்க் கேட்டபோது அவனும் இப்படித்தான், நீங்கள் சரியாகச் சொல்லவில்லை அக்கா என்று அவள்மேல் பழியைப் போட்டான். இறங்க வேண்டிய தரிப்பு போய்விட்டது. அவள் இரண்டு தரிப்புத் தூரம் நடந்து திரும்பி வந்தாள்.

அடுத்த நாள் காலை, வாசல் திறந்ததும் கண்ணாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கடிதத்தை நிலாணிக்கு முன்னால் வைத்தாள்.

"நான் பிழை விட்டிட்டன்கா."

நிலாணி வாசித்தாள். வாசித்து முடித்ததும் ஆறுதல் சொல்லவில்லை. "அண்டைக்கு நான் சொன்னனான் தானே, அன்ரி."

"ஓம்."

"நீங்க என்னை அப்பிடிப் பேசினதுக்குப் பிறகு நான் வாஷ்ரூமுக்குள்ள போய் அழுதனான். தெரியுமோ?"

"தெரியாது."

"கீதன் அண்ணாக்கு நேராக் கோல் பண்ணிச் சொல்லியிருக்கலாம். உங்கட கிளையன்ட் எண்டு சொன்னீங்க, விட்டிட்டன். அது என்ட பிழை." கடிதத்தின் திகதியைப் பார்த்தாள். "இன்னும் பதினேழு நாள் இருக்கு. ஆஸ்பத்திரி பில் இருந்தா இது சரிப்பண்ணலாம். இருங்கோ."

கோணேஸ்வரி இருந்தாள். நிலாணி அந்தப் படிவத்தைத் திரையில் திறந்து ஒவ்வொரு வரியாகக் காட்டினாள். எவ்வளவு எடுத்தது, அதில் மருத்துவத்துக்குப் போனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. மிச்சம் பூச்சியம் என்றால் வரியும் பூச்சியம், தண்டமும் பூச்சியம். இவ்வளவுதான். அரை மணித்தியாலம்கூட இல்லை. நடுவில் ஒரு வரியில் நிலாணி தயங்கினாள்.

"அவர் பாதி வருசம் தானே அங்க இருந்தவர். இந்த இடத்தில என்ன வருமெண்டு எனக்குத் தெரியாது, அன்ரி. தேடிப் பாக்கிறன்."

சொல்லிவிட்டுத் தேடினாள். கண்டுபிடித்தாள். எழுதினாள்.

அவள் அதைச் சொன்ன விதம் கோணேஸ்வரியை அப்படியே இருத்திவிட்டது. வெட்கமோ பதற்றமோ இல்லாமல், மழை பெய்கிறது என்பதுபோல, தெரியாது என்றாள். இருபது வருடத்தில் ஒரு கிளையன்டுக்கு முன்னால் கோணேஸ்வரியின் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. தரை துடைத்தவளுக்கு என்ன தெரியும் என்று எவரும் கேட்டுவிடக்கூடாதே என்று, தெரிந்ததற்கும் தெரியாததற்கும் ஒரே குரலில் பதில் சொல்லிப் பழகியிருந்தாள். ஜன்னலும் கண்ணாடி அறையும் முருங்கையிலையும் போகட்டும். தெரியாது என்று சொல்லியும் மதிப்புக் குறையாமல் இருக்கிறாளே, அந்தப் பொறாமைதான் அன்று அவளைப் பிடித்தது. அதைவிடப் பெரிய பொறாமை அதற்கு முன்னும் பின்னும் அவளுக்கு வந்ததில்லை.

தன் மேசைக்கு வந்து கீதனுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மனே, பிழை உன்னில இல்ல. கொம்பியூட்டரிலயும் இல்ல. நான்தான் தெரியாமச் சொன்னனான். நேத்து உனக்குப் பொய்யும் சொல்லிட்டன்."

மறுமுனையில் பின்னால் குழந்தை ஏதோ கேட்டு அடம்பிடிப்பது கேட்டது.

"அன்ரி, நேற்று நான் கோபிகாட்ட, நான்தான் பிழையா அமத்திப்போட்டன் எண்டு சொன்னனான். அவ சரியா ஏசிப்போட்டா. நாலாயிரம் டொலர் எல்லோ."

"அவவுக்கும் நானே சொல்லுறன். போனைக் குடு."

"வேண்டாம், நான் சொல்லுறன்." பிறகு, "சரி, அன்ரி," என்றான். அந்தச் சரியில் பழைய ஒட்டுதல் இல்லை என்பது அவளுக்கு விளங்கியது.

கீதன் ஆஸ்பத்திரி பில்களை அனுப்பினான். குழந்தை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. நிலாணி படிவத்தையும் பில்களையும் பதில் கடிதத்தோடு அனுப்பினாள். அந்தக் கணக்கில் மிஞ்சிக் கிடந்த காசுக்கு வந்த வட்டியை, அறுபத்தொரு டொலரை, கனடா ரிட்டேர்னில் சேர்த்துத் திருத்துவதைக் கோணேஸ்வரி தானே செய்தாள். தை மாதக் கடைசியில் அமெரிக்காவிலிருந்து பதில் வந்தது. கட்ட வேண்டியது ஒன்றுமில்லை.

சண்முகலிங்கம் அவளைக் கூப்பிட்டு, "இனிமேல் எல்லைக்கு அங்கால உள்ள எதெண்டாலும் நிலாணியிட்டக் குடுங்கோ, தங்கச்சி," என்றார். அவள் தலையாட்டினாள்.

அந்தப் பங்குனியில் கீதன் வந்தபோது கோணேஸ்வரிக்கு முன்னால் ஒருவரும் இல்லை. அவன் "எப்படி அன்ரி, சுகமோ?" என்று கேட்டான், அட்சயாவின் படத்தைப் போனில் காட்டினான், பிறகு கண்ணாடி அறைக்குள் போய்விட்டான். கதவு மூடிற்று. அவனுடைய பதினேழு வயதிலிருந்து இருந்த கோப்பை அலமாரியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, அவளே கொண்டுபோய் நிலாணியிடம் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பி வந்து கதிரையில் இருந்தபோது வயிறு எரிந்தது. எரியட்டும் என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

சித்திரை முடிந்து அலுவலகம் ஓய்ந்ததும், அமெரிக்க வரி பற்றிய பத்துக் கிழமை வகுப்பு ஒன்றுக்குக் காசு கட்டினாள். சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வகுப்பில் அவள்தான் வயதில் மூத்தவள். பக்கத்தில் இருந்த ஸ்டெபனி என்ற பெட்டை, இந்த வயதிலும் படிக்க எவ்வளவு ஆசை உங்களுக்கு என்று வியந்தாள். ஆசையாவது, மண்ணாவது! நிலாணிக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாமல் இருக்கக்கூடாது என்ற ஒன்றுதான் அவளைப் பஸ் ஏற்றிற்று. விளங்காததை வெள்ளிக்கிழமைகளில் அந்த நிலாணியிடமே போய்க் கேட்டாள். அவளும் சொல்லிக்கொடுத்தாள், சிலவேளை பொறுமையாக, சிலவேளை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. கடைசிப் பரீட்சையில் எழுபத்தொரு புள்ளி கிடைத்தது.

"இப்ப எரிச்சல் போச்சுதோ?" என்று வீரக்குட்டி கேட்டான். பெறுபேற்றுத் தாளை அவன் குசினி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்க போறது? அப்பிடியேதான் கிடக்கு," என்றாள் கோணேஸ்வரி. "இப்ப தாளை முழுக்க வாசிச்சுப்போட்டுத்தான் எரிச்சல்படுறன்."